கையை விடாத அண்ணாச்சி

ஆளைப் பார்த்ததும் சிலர் முகத்தைப் பார்ப்பார்கள், சிலர் செருப்பைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி பார்ப்பது முழங்கையின் உள்மடிப்பை. வணக்கம் சொல்லக் கையெடுத்தால் அந்தக் கையை அப்படியே பிடித்துத் திருப்பி, கட்டைவிரலால் மடிப்பில் ஒரு அழுத்து அழுத்தி, "நல்ல நரம்புலே, ஊசி வச்சா கேக்காமலே வரும்" என்பார். அதற்குப் பிறகும் கையை விட மாட்டார். பேச்சு முடியும் வரைக்கும் நம் மணிக்கட்டு அவரிடம்தான். உருவிக்கொள்ளப் பார்த்தால் இறுக்க மாட்டார். நம்மோடு கூடவே நடந்து வருவார். அவர் பேச்சிலிருந்து தப்பித்து பஸ் பிடிக்க ஓடியவர்கள், அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள்.

நான் சங்கரன்கோவிலை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் யாராவது கை குலுக்கிவிட்டு உடனே விட்டுவிட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அடுத்த நொடியே அப்பாடா என்றும் இருக்கும். அவரை நினைத்தால் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

அவருக்குப் பெயிண்ட் கடை. கடையின் பின்பக்கம், கலர் கலக்குகிற எந்திரத்துக்கும் டின் அடுக்குக்கும் நடுவில் இரத்தக் கொடையாளர் சங்கத்தின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு காலண்டர், உட்காருவதற்குக் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிகள். தலைவர், பொருளாளர் எல்லாம் பெயருக்கு. செயலாளரான அவர்தான் சங்கம். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கமெல்லாம் யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால், விசாரிக்கிறவர்களுக்கு முதலில் கிடைப்பது அவர் நம்பர்தான்.

நான் கல்லூரியில் படித்தபோது அங்கே முகாம் போட்டார்கள். ரத்தம் கொடுத்த எல்லோரும் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆனோம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் 'அழைத்து வந்தவர்' என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி தன் பெயரையே போட்டுக்கொண்டார். அது எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. பிஸ்கட்டும் ஜூஸும் வாங்குகிற அவசரத்தில் இருந்தோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா விசைத்தறியில் இருந்தார். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் யூ.எக்ஸ். டிசைன் படித்தேன். அது என்ன வேலை என்று அப்பா கேட்டார். ஒரு வெப்சைட்டுக்குள் வருகிறவர்கள் தடுமாறாமல் போய்வர எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என்றேன்.

"அப்ப வாசல் ஜன்னல் எங்கன வைக்கணும்னு சொல்லுதவன். கொத்தனாரா?"

"கொத்தனார் வேற ஆளுப்பா. நான் பிளான் மட்டும்."

"அது சரி. வெயில்ல நிக்க வேண்டாம்லா" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வேலை கொடுக்கிறவர்களுக்குப் போதவில்லை. நீ வடிவமைத்து, மக்கள் உண்மையாகவே பயன்படுத்துகிற ஏதாவது ஒன்றைக் காட்டு என்றார்கள். காட்ட ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் ஜன்னல் கம்பிக்கு அடிக்கப் பெயிண்ட் வாங்கப் போனேன். அண்ணாச்சி கையைப் பிடித்தார்.

"நீ பி பாசிட்டிவ்லா? முகாம்ல மயங்கி விழுந்தியே."

"நான் விழல அண்ணாச்சி. பக்கத்துல நின்னவன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்லே. இப்ப என்ன செய்யுத?"

சொன்னேன். என்னை அப்படியே பின்பக்கம் கூட்டிப்போய் வாளியில் உட்கார வைத்து, சங்கத்தின் வெப்சைட்டைக் காட்டினார். யாரோ எப்போதோ செய்து கொடுத்தது. மேலே ஒரு சிவப்புத் துளி சொட்டிக்கொண்டே இருக்கும். உறுப்பினர்கள் நுழைவதற்கான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நோயாளிக்கு வேறு யாராவது ரத்தம் கொடுத்துவிடுவார்கள். 'போர்ட்டல்' என்று சொல்கிற உறுப்பினர் பகுதி முழுவதையும் புதிதாக வடிவமைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். கோயம்புத்தூரில் இருந்த நண்பன் ஒருவன் அதற்கு நிரல் எழுதித் தர ஒப்புக்கொண்டான். அடுத்த மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"முடியுததப் பத்தி இப்ப எதுக்குலே பேசுத? ஆரம்பி" என்றார். அதைக் கேட்டு எனக்கு உற்சாகம்தான் வந்தது.

பயன்படுத்தப் போகிறவர்களிடம் நேரில் பேச வேண்டும், அதுவும் தனியாகப் பேச வேண்டும் என்று என் படிப்பில் சொல்லியிருந்தார்கள். "நீ தனியா போனா உன்ன எவனுக்குத் தெரியும்?" என்று அண்ணாச்சி ஸ்கூட்டரை எடுத்தார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் ஒருவர் பழைய உறுப்பினர். பிச்சிப்பூ மூட்டைகளுக்கு நடுவில் நின்று, பழைய சைட்டில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, "அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. எழுதிக்க" என்றார்.

"அவரே சொல்லட்டும் அண்ணாச்சி."

"சொல்லும் வே, உமக்கு என்ன கஷ்டம்?"

கமிஷன் கடைக்காரர் குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். அது அண்ணாச்சியிடம் இருந்தது. "எனக்கு என்ன கஷ்டம், ஒண்ணுமில்ல" என்றார்.

எல்லா நேர்காணல்களும் இப்படித்தான் நடந்தன. என் குறிப்புகளைப் படித்தால் இந்த உலகத்தில் ஒரு உறுப்பினருக்கும் ஒரு குறையும் கிடையாது.

ஆனால் அவரைச் சும்மா சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. ஒரு ஐப்பசி மழையில் திருநெல்வேலியில் ஒரு நோயாளிக்கு அவசரம். கொடுக்கச் சம்மதித்தவருக்குப் போக வண்டி இல்லை. அவர் நனையக்கூடாதென்று, கடையில் பெயிண்ட் சிந்தாமல் விரிக்கிற பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தலையிலிருந்து கால் வரை சுற்றிக் கட்டிப் பின்னால் உட்கார வைத்து, தான் முழுக்க நனைந்துகொண்டே அண்ணாச்சி ஸ்கூட்டரில் கொண்டுபோனார். நோயாளி பிழைத்தார். கொடுத்தவருக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையில் தலை சுற்றுகிறதா என்று பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். "நான் ரத்தம் குடுத்தது ஒரு நாளு. அண்ணாச்சி அதுக்கு ஒரு வாரம் வந்தாரு. தலைசுத்தலே அதுக்குப் பொறவுதான் வந்துச்சு" என்று அந்த ஆள் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அண்ணாச்சியின் முன்னாலேயே சொல்லுவார். அண்ணாச்சியும் சிரிப்பார், அவர் கையைப் பிடித்துக்கொண்டே.

எங்களுக்குள் முதல் தகராறு ஒரு பட்டனில் வந்தது.

உறுப்பினர் பக்கத்தின் கீழே, சாம்பல் நிறத்தில், 'சங்கத்திலிருந்து விலக' என்று ஒரு சின்ன பட்டன் வைத்திருந்தேன். உள்ளே வரத் தெரிந்தவருக்கு வெளியே போகவும் தெரிய வேண்டும் என்பது என் படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று. வரைவைக் காட்டியபோது அண்ணாச்சி மேலே இருந்த எதையும் பார்க்கவில்லை. நேரே அங்கே விரலை வைத்தார்.

"இது என்னது?"

"விலகணும்னு நினைக்கிறவங்களுக்கு."

"எவன் நினைக்கான்?"

"யாராவது நினைக்கலாம்லா அண்ணாச்சி."

"கல்யாண வீட்டு வாசல்ல வருக வருகன்னு போர்டு வைப்பான். போற வழின்னு எவனாவது வச்சுப் பாத்திருக்கியாலே?"

"சாப்பிட்டதும் எல்லாரும் போயிருவாங்கல்லா."

"போவான். போர்டு பாத்தா போறான்?"

பட்டனை எடுத்தேன். அடுத்த வரைவில் 'தற்காலிக ஓய்வு' என்று பெயர் மாற்றி வைத்தேன். "உன் ரத்தம் என்னைக்குலே ஓய்வு எடுத்துச்சு?" என்றார். அதையும் எடுத்தேன். பிறகு வேறு பக்கத்தில் வைத்தேன், வேறு நிறத்தில் வைத்தேன். எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வேறு எந்தப் பட்டனையும் அவருக்கு நாலு முறை காட்டிக் கொடுக்க வேண்டும். இது மட்டும் அவர் கண்ணுக்குத் தானாகத் தெரிந்தது.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். பட்டன் இருக்கலாம். ஆனால் அதை அழுத்தினால் விண்ணப்பம் 'அழைத்து வந்தவருக்கு'ப் போகும். அவர் சரி என்று சொன்னால்தான் பெயர் நீங்கும். "பள்ளிக்கூடத்துல உன்னச் சேத்தது உங்கய்யா. பாதியில கூட்டிட்டுப் போணும்னா அவருல்லா வரணும்? வழியில போறவன் வந்து கேட்டா அனுப்புவானா?" என்றார். எல்லோரும் வளர்ந்த ஆட்கள் அண்ணாச்சி என்றேன். "ரத்தம் குடுக்கதுக்குத்தாம்லே வயசு பாக்கணும்."

விலகுகிறவர் காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். காரணங்களை அவரே வரிசையாகச் சொன்னார்: வெளியூர் போதல், உடல்நலம், வீட்டில் எதிர்ப்பு, போன் தொந்தரவு. "காரணம் தெரிஞ்சாத்தான சரி பண்ண முடியும்" என்றார். வரிசையின் கடைசியில் 'மற்றவை' என்று ஒன்றை நான் சேர்த்தேன். எல்லாப் படிவத்திலும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டார்.

காரணத்தைச் சரி பண்ணுவது என்றால் என்ன என்பதை அதற்கு முன்பே நான் அனுபவித்திருந்தேன். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. முடித்த வேலை என்று காட்ட ஒன்றும் இல்லாமல், விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், பெயிண்ட் வாசத்தில் அந்த வாளியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டத்தில் கடைப்பக்கமே போகாமல் இருந்துபார்த்தேன். போனையும் எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஒரு கையில் பிரெட் பாக்கெட், ஒரு கையில் வலைப்பையில் சாத்துக்குடி. நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற அதே இரண்டும்தான். விலக நினைக்கிற உறுப்பினர் வீட்டுக்கெல்லாம் அவர் அப்படித்தான் போவார்.

அம்மா பதறிப்போனாள். "ஐயையோ, யாருக்கு என்ன?"

"உம் மவனுக்குத்தான் தாயி. என்னன்னு தெரியல, கடைக்கு வரமாட்டேங்கான். ஒடம்புக்கு என்னமும் செய்யுதோன்னு வந்தேன்."

உட்கார்ந்தார். அப்பா தலையில் பஞ்சோடு தறியிலிருந்து வந்தார். தறி மோட்டார் சூடேறி நின்றுபோகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணாச்சி அங்கேயிருந்தே யாருக்கோ போன் போட்டார். காபி ஆறுவதற்குள் மோட்டார் பார்க்கிற ஆள் வந்துவிட்டார். போர்ட்டலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து, "நாளைக்கு வா மக்கா" என்றார். அவர் போன பிறகு அம்மா சாத்துக்குடியைப் பிழிந்து கொடுத்துவிட்டு, "அவரு மனசு கோணுத மாதிரி நடந்துக்காதலே" என்றாள். மறுநாள் வாளியில் இருந்தேன்.

அண்ணாச்சி ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வீட்டில் யாரோ ரத்தம் கிடைக்காமல் இறந்துபோனார்கள் என்பார்கள், இல்லை, அதெல்லாம் இல்லை என்பார்கள். ஒருநாள் அவரிடமே கேட்டேன். "நல்லது செய்யுததுக்கு ஒரு காரணம் வேணுமாலே?" என்று டின் மூடியைச் சுத்தியலால் தட்டி மூடினார்.

புதிய பக்கங்கள் ஒருவழியாகத் தயாரானதும், சில உறுப்பினர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தோம். அவர்களில் ஒரு அக்கா. என் கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அதே முகாமில் உறுப்பினர் ஆனவர், அழைத்து வந்தவர் அண்ணாச்சி. பனவடலிசத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஓ நெகட்டிவ். அந்த வகை ரத்தக்காரர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அண்ணாச்சி அவர்களைத் 'தங்கம்' என்றுதான் சொல்வார்.

ஒரு மத்தியானம் அந்த அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, விலகுத பட்டன அமுக்கிட்டேன். ஒண்ணும் ஆகல."

"அது அண்ணாச்சிக்குப் போகும் அக்கா. அவரு சரின்னு சொன்னாத்தான்..."

"அவரு ஏன் சொல்லணும்?"

"உங்களச் சேத்தது அவருல்லா."

பின்னால் குக்கர் சத்தம்.

"அப்ப அது வெளிய போற பட்டன் இல்லியே தம்பி. அண்ணாச்சியக் கூப்பிடுத பெல்லு."

போனை வைத்துவிட்டு அவருடைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். காரணத்தில் 'மற்றவை'. விளக்கம் எழுத வேண்டிய பெட்டியில் ஒன்றும் இல்லை.

"மற்றவைன்னா என்னலே?" என்று அண்ணாச்சி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கிளம்பு" என்றார். வழியில் பிரெட்டும் சாத்துக்குடியும் வாங்கினோம்.

பனவடலிசத்திரத்தில் அந்த அக்காவின் மாமியார் பையைப் பார்த்ததுமே பயந்துவிட்டார். "ஏட்டி, இங்கன வா. யாரோ பழம் வாங்கிட்டு வந்திருக்காக. உனக்கு ஒடம்புக்கு என்ன? எங்ககிட்ட எதும் மறைக்கியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை" என்று அக்கா வந்து நின்றார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

அண்ணாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "போன் நிறைய வருதா தாயி? இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான். என் வழியாத்தான் வரணும்னு சொல்லிருதேன்."

"அதில்ல அண்ணாச்சி."

"மாப்பிள்ள எதும் சொல்லுதாரா?"

வாசலில் நின்ற கணவர், "நான் ஒண்ணும் சொல்லல. அது அவ இஷ்டம்" என்றார்.

"அத்தைக்குப் பிடிக்கலியோ?"

"எனக்கென்ன?" என்றார் மாமியார். "எடுத்துக்கிட்டா நானே குடுப்பேன். சும்மாத்தான இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்துவிடும் என்று நான் பயந்தேன். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் முடிந்திருக்கும்.

"ஒடம்பு நல்லாருக்கு. பயமும் இல்ல. அப்படித்தான? பின்ன காரணம் என்ன தாயி?"

"காரணம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அன்னைக்குக் குடுக்கணும்னு தோணுச்சு, குடுத்தேன். இப்ப லிஸ்ட்ல இருக்க வேண்டாம்னு தோணுது."

"நாளைக்கே ஒரு பிள்ளத்தாச்சிக்கு உன் ரத்தம்தான் வேணும்னு வந்தா?"

"எனக்குத் தெரிஞ்சா, அப்ப என்ன தோணுதோ அதைச் செய்வேன். ஆனா உங்க லிஸ்ட்டுல நின்னுக்கிட்டு செய்ய மாட்டேன்."

"வீடு தேடி வந்து கேக்காகல்லா, ஏட்டி. இருந்துட்டுத்தான் போயேன்" என்றார் மாமியார்.

அக்கா முந்தானைக்குள் சுருட்டிய கையை வெளியே எடுக்கவில்லை. அண்ணாச்சி பிடிப்பதற்கு ஒரு கை தேடுகிறவரைப் போலத் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். காரணம் எதுவாக இருந்தாலும் அவரிடம் அதற்கு ஒரு வழி இருந்திருக்கும். காரணம் இல்லை என்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. "பாத்துக்கிடலாம்" என்று எழுந்தார்.

ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினார். டேங்க்கின் மூடியைத் திறக்கும்போதே போன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். பெட்ரோல் போடுகிற பெண், "அண்ணாச்சி, போன அங்கன போய்ப் பேசுங்க, இங்கன பேசப்பிடாது" என்று கத்தினாள். டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். "சரி, ஆள் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். யாரை என்று அவர் யோசிக்கவே இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"நீ அவளக் கூப்பிடு மக்கா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா. நீ கூப்பிட்டா எடுப்பா. உன்ன நம்புதா."

போனில் போர்ட்டலைத் திறந்தேன். ஓ நெகட்டிவ் என்று தேடினேன். மாதக்கணக்காக நான் வடிவமைத்த பக்கம் முதல்முறையாக நிஜமான ஒரு உயிருக்காகத் திறந்தது. தேடுகிற இடத்துக்கு அருகில் இருப்பவர் முதலில் வர வேண்டும் என்று நான்தான் வைத்திருந்தேன். மேலே முதல் பெயர் அந்த அக்கா. பெயருக்குப் பக்கத்தில் பச்சையாகப் போன் படம்.

"மத்தவங்களக் கூப்பிடுவோம் அண்ணாச்சி."

"அவ இந்தா இருக்கா. திரும்பினா அவ வீடு. மத்தவன்லாம் எங்கன இருக்கானோ." என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. "கூப்பிடுலே."

"மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன்?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. படித்ததெல்லாம் இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வழி சொல்லிவிடுவார் என்று தெரிந்தது.

"காரணம்லாம் இல்ல" என்றேன்.

என் கையை விட்டுவிட்டார்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு போனில் மற்றவர்களைக் கூப்பிட்டோம். ஒருவர் சென்னையில் இருந்தார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒருவருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் பட்டியலில் கீழே போகப் போக, எனக்கு மேலே அந்தப் பச்சைப் படம் இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. ஒருவரும் கிடைக்காமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. கழுகுமலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் எடுத்தார். "பிள்ளைகள எறக்கி விட்டாச்சு. நேரா போறேன்" என்றார்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். வண்டியை எடுத்தார். எப்போதும் என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்தினார்.

"இறங்கிக்க. எனக்கு சோலி கிடக்கு."

இறங்கினேன். நான் அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை. ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அண்ணாச்சி ஏன்லே வரல? நீ என்ன சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவரை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நானும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சில நாள் கழித்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் விலகல் ஏற்கப்பட்டது. இதுவரை உடனிருந்ததற்கு நன்றி.' இரண்டு வரியும் நான் எழுதியவை. மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை மாற்றி மாற்றி எழுதியவை. ஆனால் நான் விண்ணப்பம் ஒன்றும் போடவில்லை. போர்ட்டலுக்குள் போகப் பார்த்தேன். உறுப்பினராகவும் போக முடியவில்லை, வடிவமைத்தவனாகவும் போக முடியவில்லை. கோயம்புத்தூர் நண்பனைக் கேட்டேன். "அண்ணாச்சிதான்டா போன் பண்ணி உன் பேர எடுக்கச் சொன்னாரு. உனக்கு வேலை ஜாஸ்தி, நீயே விலகிக்கிட்டன்னு சொன்னாரு" என்றான்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அண்ணாச்சி, நான்தான்."

"சொல்லுங்க தம்பி."

அவர் என்னை 'லே' என்றும் 'மக்கா' என்றும் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"கோவில்பட்டியில அந்தப் பிரசவம்..."

"தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க."

"அந்த அக்கா பேர எடுத்துட்டீங்களா அண்ணாச்சி?"

கடையில் கலர் கலக்குகிற எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"உறுப்பினர் விஷயம் எதையும் வெளியாளுக்குச் சொல்லப்பிடாதுன்னு போர்ட்டல்ல போட்டிருக்கே தம்பி" என்றார், மிக மரியாதையாக. "நீங்க எழுதுனதுதான?"

ஆமாம் என்றேன்.